மோட்டார் காரின் குளிர்சாதனத்திற்கு வாயு நிரப்புதல்

சென்ற ஆண்டு ஐப்பசித் திங்களில், பெரியபாளையத்தை அடுத்துள்ள வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம் ஒன்றில் நகை ஈட்டுக் கடன்களைச் சரிபார்க்கும் பணி எனக்கு நேர்ந்தது. பையைப் பிரித்து, நகையை நிறுத்து, பேரேட்டுடன் ஒப்பிட்டு, மீண்டும் முத்திரையிடுவதே அப்பணி. அவ்வாறு பார்த்துவருகையில் ஒரே குடும்பத்தின் இரண்டு பைகள் அடுத்தடுத்து வந்தன. ஒன்றில் பங்குனியில் ஈடு வைத்த சங்கிலி. மற்றதில் ஆவணியில் ஈடு வைத்த வளையல்கள். அக்குடும்பத் தலைவர் மல்லிகையும் கனகாம்பரமும் பயிரிடும் பழைய அங்கத்தினர். தவணை தவறாதவர் என்று பெயர் பெற்றவர். பயிருக்கு அல்லாமல் வேறு எதற்காக இரண்டு கடன் என்று வினவினேன். "இரண்டும் காருக்குத்தான் ஐயா. காம்ப்ரஸர் போய்விட்டது. மாற்றினோம். மறுபடியும் போய்விட்டது" என்றார்.

அவருடைய மகன் வாடகைக் கார் ஓட்டுகிறார். கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் உள்ள ஓர் ஆலையின் அலுவலர்களைச் சென்னையிலிருந்து ஏற்றிவருவது வாரநாள் வேலை. ஆடி மாதத்து ஞாயிறுகளில் பவானியம்மன் கோயிலுக்கு வரும் குடும்பங்களை ஏற்றுவது மிகையான வரும்படி. சித்திரை வெயிலில் குளிர்சாதனம் இல்லாத காரை எந்த ஆலையும் ஏற்பதில்லை. ஆகவே குளிர்சாதனம் கெட்டால் அவ்வீட்டில் வருமானமே நின்றுவிடும். நான் பேசிக்கொண்டிருந்த அன்றைக்கே இரண்டாம் முறை மாற்றிய காம்ப்ரஸரும் கரகரவென்று ஒலிக்கத் தொடங்கியிருந்தது. மூன்றாவது நகை எது என்ற பேச்சும் வீட்டில் எழுந்துவிட்டதாம்.

பழுது பார்த்த இடத்தில் கொடுத்த பட்டியல்கள் இரண்டையும் வாங்கிப் பார்த்தேன். காம்ப்ரஸர் ஒன்று, கேஸ் நிரப்பியது, கூலி என மூன்றே வரிகள். கேஸ் எத்தனை கிராம்? எண்ணெய் எவ்வளவு? பழைய காம்ப்ரஸர் எதனால் கெட்டது? ஒன்றுக்கும் விடை இல்லை. ஆரணி நெசவாளர்களுக்கு ஒரு கட்டு நூல் கொடுத்தாலும் நிறுத்துக் கொடுத்து, எடையை எழுதி, சேலை வந்ததும் சேலையையும் நிறுத்துக் கழிவைக் கணக்கிடுகிறோம். 'நூல் கொடுத்தது' என்று மட்டும் எழுதிய பதிவேட்டை எந்தத் தணிக்கையாளரும் ஒப்பமாட்டார். கார்ப் பட்டறையில் மட்டும் அது செல்லுபடியாவது வியப்பாக இருந்தது. நான் மோட்டார் தொழில் அறிந்தவன் அல்லேன். கல்லூரியில் பௌதிகம் படித்தவன். அந்த அளவில் நின்று, ஊத்துக்கோட்டைச் சாலையில் குளிர்சாதன வேலை மட்டுமே செய்யும் முதிய மெக்கானிக் ஒருவரிடம் அக்கார் கொண்டுசெல்லப்பட்டபோது உடனிருந்து கண்டவற்றையும் கேட்டவற்றையும் இங்கு எழுதுகிறேன். கார் வைத்துள்ள அங்கத்தினர்கள் நம் வட்டாரத்தில் இன்று பலர்.

மண்பானையில் கசியும் நீர் ஆவியாகும்போது பானையின் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது, தண்ணீர் குளிர்கிறது. கார்க் குளிர்சாதனத்தின் அடிப்படையும் இதுவே. நீருக்குப் பதிலாக மிகத் தாழ்ந்த வெப்பநிலையிலேயே கொதிக்கும் பொருள் ஒன்றைக் குழாய்களில் அடைத்து வைத்திருக்கிறார்கள். இன்று நம் சாலைகளில் ஓடும் கார்களில் பெரும்பாலும் உள்ள ஆர்-134ஏ என்னும் பொருள் திறந்த வெளியில் பூஜ்யத்திற்குக் கீழ் 26 பாகையிலேயே கொதித்து ஆவியாகிவிடும். காருக்குள் காற்று வீசும் இடத்திற்குப் பின்னால் இருக்கும் கூலிங் காயிலில் இது ஆவியாகி, உள்ளிருக்கும் வெப்பத்தை ஏற்கிறது. அந்த ஆவியை என்ஜின் பெல்ட்டினால் சுழலும் காம்ப்ரஸர் உறிஞ்சி அழுத்திச் சூடாக்கி, காரின் முகப்பில் ரேடியேட்டருக்கு முன் நிற்கும் கண்டென்சருக்கு அனுப்புகிறது. அங்கு வெளிக்காற்றுப் பட்டு ஆவி மீண்டும் திரவமாகிறது. திரவம் டிரையர் என்னும் வடிகட்டியில் ஈரமும் தூசும் நீங்கி, எக்ஸ்பான்ஷன் வால்வின் ஊசித்துளை போன்ற வழியே பாய்ந்து, அழுத்தம் தளர்ந்து, மறுபடியும் கூலிங் காயிலுக்கு வருகிறது. இச்சுற்றில் வாயு செலவாவதே இல்லை. 'ஆண்டுக்கொரு முறை கேஸ் அடிக்கவேண்டும்' என்று எவரேனும் சொன்னால், எங்கோ கசிவு இருக்கிறது என்பதே அதன் பொருள்.

இவ்வாயுவின் வரலாற்றையும் சிறிது அறிவது நன்று. 1928இல் அமெரிக்காவில் தாமஸ் மிட்ஜ்லி என்பவரும் அவருடைய துணைவர்களும் தீப்பற்றாத, நஞ்சில்லாத குளிர்வாயு ஒன்றைக் கண்டனர். ஆர்-12 என்று பின்னர்ப் பெயர் பெற்ற அதுவே பல்லாண்டு கார்களில் இருந்தது. 1974இல் மொலீனா, ரோலண்ட் என்னும் இரு விஞ்ஞானிகள், அவ்வாயு மேலே சென்று உலகைக் காக்கும் ஓசோன் படலத்தை அரிக்கும் என்று எச்சரித்தனர். 1987இல் மாண்ட்ரியால் உடன்படிக்கை ஏற்பட்டது. இந்தியா 1992இல் சேர்ந்தது. நம் மேட்டூரிலும் ஆர்-12 வகை வாயுக்கள் உற்பத்தியாகி வந்தன. 2008 ஆகஸ்டு முதல் அவற்றின் உற்பத்தி நாடெங்கும் நின்றது. அதன் இடத்துக்கு வந்த ஆர்-134ஏ ஓசோனுக்குத் தீங்கு செய்வதில்லை. ஆயினும் உலகைச் சூடாக்குவதில் கரியமில வாயுவைப்போல் ஏறத்தாழ 1,430 மடங்கு வலிமையுடையது. சிறிய காரில் உள்ள 400 கிராமைக் காற்றில் திறந்துவிட்டால் 570 கிலோ கரியமில வாயுவை விட்டதற்குச் சமம். சுமார் 250 லிட்டர் பெட்ரோலை எரித்தால்தான் அவ்வளவு வெளிவரும். பட்டறையில் ஒரு வால்வைத் திறந்து 'உஸ்' என்று விட்டுவிடும் அரை நிமிட வேலைக்கு இவ்வளவு விலை. பருவம் தப்பிய மழையைப் பற்றி முறையிடும் நாம் இதனை அறிந்திருத்தல் தகும். 2016இல் கிகாலி நகரில் செய்துகொண்ட திருத்தத்தை இந்தியா 2021இல் ஏற்றுக்கொண்டது. ஆதலின் இவ்வாயுவும் படிப்படியாகக் குறைக்கப்படும். ஐரோப்பாவில் 2017 முதல் புதிய கார்களில் இதற்கு இடமில்லை.

முதிய மெக்கானிக் வாயுவைத் திறந்துவிடவில்லை. மீட்பு இயந்திரத்தைப் பொருத்தி, காரிலிருந்த வாயு முழுவதையும் ஓர் உருளையில் இழுத்து, அவ்வுருளையைத் தராசில் வைத்தார். 590 கிராம். பானெட்டின் அடியில் கம்பெனிக்காரர் ஒட்டியிருந்த சீட்டில் 430 கிராம் என்றிருந்தது. 'குளிர்ச்சி போதவில்லை' என்று மகன் முறையிட்டபோதெல்லாம் முந்தைய பட்டறையில் மேலும் மேலும் வாயுவை ஏற்றியிருக்கிறார்கள். மிகுந்த வாயுவால் குளிர்ச்சி மிகாது. கண்டென்சரில் திரவம் தேங்கி, ஆவி திரவமாக இடமின்றி, அழுத்தம் ஏறும். கூலிங் காயிலில் ஆவியாக முடியாத திரவம் காம்ப்ரஸருக்கே திரும்பி வருவதும் உண்டு. ஆவியை அழுத்தலாம், திரவத்தை அழுத்த முடியாது. உள்ளிருக்கும் வால்வுத் தகடுகள் ஒடியும்.

முன்னவர்கள் மீட்டர் பார்த்துத்தான் நிரப்பினார்கள் என்று மகன் சொன்னார். அது பொய்யன்று. ஆனால் மீட்டர் காட்டுவது அழுத்தம். வீட்டுச் சமையல் வாயு உருளையை எண்ணிப் பாருங்கள். 14.2 கிலோவும் நிறைந்திருக்கும் நாளிலும், இரண்டு கிலோ எஞ்சியிருக்கும் நாளிலும் அடுப்பு ஒரே விதமாகவே எரிகிறது. உள்ளே சிறிதளவு திரவம் இருக்கும்வரை அழுத்தம் வெப்பநிலையை ஒட்டி நிற்குமேயன்றி எடையை ஒட்டி நிற்பதில்லை. ஆதலினால்தான் உருளையைக் கொண்டுவருபவர் அதனை நிறுத்துக் காட்டவேண்டும் என்கிறோம். என்ஜின் நின்றிருக்கையில், வெப்பம் 30 பாகையாயின், காரில் 200 கிராம் இருந்தாலும் 500 கிராம் இருந்தாலும் மீட்டர் ஏறத்தாழ 97 பவுண்டு என்றே காட்டும். ஓடும்போது காட்டும் அழுத்தமோ வெயிலுக்கும், விசிறியின் வேகத்துக்கும், கண்டென்சரின் தூய்மைக்கும் தக்கபடி மாறும். எனவே மீட்டர் நோயறியும் கருவி; அளக்கும் கருவி தராசே.

இனி எண்ணெய். காம்ப்ரஸருக்குத் தனி எண்ணெய்த் தொட்டி கிடையாது. எண்ணெய் வாயுவோடு கலந்து சுற்று முழுவதும் பயணம் செய்து திரும்புகிறது. புதிய காம்ப்ரஸர் பெரும்பாலும் சுற்று முழுமைக்கும் போதுமான எண்ணெயுடனேயே வரும். 120 மில்லி என்று வைத்துக்கொள்வோம். பழையதைக் கழற்றி வடித்தால் அதில் 40 மில்லிதான் வருகிறதென்றால் மீதி 80 மில்லி குழாய்களிலும் காயிலிலும் இருக்கிறது. அதைக் கணக்கில் கொள்ளாமல் புதியதை அப்படியே மாட்டினால் மொத்தம் 200 மில்லி ஆகிவிடும். இது முன்னிருப்பை மறந்து வரவு மட்டும் எழுதும் பிழையே. புதியதிலிருந்து 80 மில்லியை வடித்துவிட்டு மாட்டவேண்டும். குழாய்கள் முழுவதையும் கழுவியிருந்தால் மட்டும் முழு அளவும் வேண்டும். நம் அங்கத்தினர் காரில் இரண்டு முறையும் புதியது அப்படியே மாட்டப்பட்டிருந்தது. காயிலின் உட்புறம் எண்ணெய் படிந்து வெப்பத்தை ஏற்காமல் இருந்தது, குளிர்ச்சி குறைந்தது, அதனால் வாயு ஏற்றப்பட்டது. ஒரு பிழை மற்றொன்றை அழைத்துவந்ததைக் காண்க.

ஆனால் முதற்காரணம் இன்னும் ஆழத்தில் இருந்தது. டிரையரைக் கழற்றி ஒரு வெள்ளைத் துணிமேல் தட்டினார் மெக்கானிக். கரிய எண்ணெயில் வெள்ளிப் பொடிபோல் அலுமினியத் துகள்கள் மின்னின. பங்குனியில் முதல் காம்ப்ரஸர் தேய்ந்து உடைந்தபோது அதன் துகள்கள் கண்டென்சருக்கும் டிரையருக்கும் அடித்துச் செல்லப்பட்டன. பிறகு வந்த புதிய காம்ப்ரஸர் அத்துகள்களையே சுற்றவைத்துத் தன்னையே அரைத்துக்கொண்டது. "கிணற்றில் சேறு இருக்க, பம்பை மட்டும் மாற்றி என்ன பயன் ஐயா?" என்றார் அவர். பூத்தோட்டக்காரருக்கு அதற்குமேல் விளக்கம் வேண்டியிருக்கவில்லை.

ஆயினும் செலவைக் கேட்டதும் முகம் வாடியது. காம்ப்ரஸர் மட்டுமின்றிக் கண்டென்சர், டிரையர், எக்ஸ்பான்ஷன் வால்வு மூன்றும் மாற்றவேண்டும் என்பது மெக்கானிக்கின் கருத்து. குழாய்களையும் கூலிங் காயிலையும் உரிய கழுவுதிரவம் செலுத்திக் கழுவி, நைட்ரஜனால் உலர்த்தலாம். இக்காலத்துக் கண்டென்சர்களிலோ மயிரிழை போன்ற நுண்குழாய்கள் பல பக்கம் பக்கமாக இருப்பதால், திரவம் அடைபடாத வழியே ஓடிவிடும். அடைபட்ட குழாயில் துகள் அப்படியே நிற்கும். டிரையரைக் கழுவுவது என்பது இல்லவே இல்லை. அதனுள் ஈரம் உறிஞ்சும் மணிகள் இருக்கின்றன, காற்றுப்பட்ட சில மணி நேரத்தில் அவை பயனற்றுப் போகும். கெட்ட காம்ப்ரஸருக்கு டிரையர் மாற்றாவிடில் புதியதற்கு உத்தரவாதம் தர மறுப்பது உற்பத்தியாளரின் பொது வழக்கம். இதை மகன் அப்போதுதான் அறிந்தார். ஆவணியில் உத்தரவாதம் கேட்கச் சென்றபோது மறுக்கப்பட்டதன் காரணமும் விளங்கியது. இன்னொரு நகையை ஈடு வைக்குமாறு கூற எனக்கு மனம் வரவில்லை. தீபாவளிப் பூ விற்ற பணம் கைக்கு வரும்வரை காரை நிறுத்திவைப்பது என்று அவர்களே முடிவு செய்தனர். மூன்று வாரம் வாடகை இழந்தாலும் அது சரியான முடிவு என்றே கருதுகிறேன்.

பணம் வந்தபின் வேலை தொடங்கியது. புதிய ஓ-ரிங்குகளைக் காம்ப்ரஸர் எண்ணெயில் தோய்த்துப் போட்டார். எண்ணெய் பி.ஏ.ஜி. வகை, காம்ப்ரஸரின்மேல் குறித்துள்ள எண்ணுடையதாகவே இருக்கவேண்டும். இவ்வெண்ணெய் உப்பைப்போல் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும் இயல்புடையது. மூடி திறந்து கிடந்த டப்பாவை அவர் தொடவில்லை, புதியதையே உடைத்தார். மின்சாரக் கார், ஹைப்ரிட் கார் வைத்திருப்போர் இதில் மிக்க எச்சரிக்கையாக இருக்கவேண்டும்: அவற்றில் காம்ப்ரஸர் உயர் மின்னழுத்த மோட்டாரினால் ஓடுவதால் மின்சாரம் கடத்தாத வேறு எண்ணெய் உள்ளது. அதில் பி.ஏ.ஜி. கலந்தால் மின்கசிவு ஏற்பட்டுக் காரே நின்றுவிடக்கூடும்.

எல்லாம் இணைத்தபின் முதலில் கசிவுச் சோதனை. நைட்ரஜனை 150 பவுண்டு அளவுக்கு ஏற்றி, இணைப்புகள்தோறும் சவுக்கார நுரை தடவிப் பார்த்தார். டயருக்கு அடிக்கும் காற்றைக்கொண்டு இச்சோதனை செய்வோர் உண்டு. அது ஈரத்தை உள்ளே அனுப்புவதோடு, எஞ்சிய ஆர்-134ஏ அழுத்தத்தில் காற்றோடு கலந்தால் தீப்பற்றவும் கூடும். ஆக்ஸிஜனைப் பயன்படுத்துவது எண்ணெயோடு சேர்ந்து வெடிக்கும் செயல், கனவிலும் கூடாது.

அடுத்தது வாக்யூம். நேரம் மிகுதியாகப் பிடிப்பதும் பட்டறைகளில் பெரும்பாலும் குறுக்கப்படுவதும் இதுவே. குழாயில் நிற்கும் காற்று கண்டென்சரில் திரவமாகாமல் இடத்தை அடைத்துக்கொள்ளும். ஈரமோ எக்ஸ்பான்ஷன் வால்வின் துளையில் பனியாய் உறைந்து வழியை அடைக்கும். எண்ணெயோடு சேர்ந்து அமிலமாகி உலோகத்தையும் அரிக்கும். காற்றைப் பம்பு இழுத்துவிடும். ஒட்டியிருக்கும் ஈரம் எப்படிப் போகும்? அழுத்தம் குறையக் குறைய நீர் கொதிக்கும் வெப்பநிலையும் குறைகிறது. சாதாரண அழுத்தமான 760 மில்லிமீட்டர் பாதரசத்தில் 100 பாகையில் கொதிக்கும் நீர், 32 மில்லிமீட்டரில் 30 பாகையிலேயே கொதித்துவிடும். ஆகவே பெரியபாளையத்து வெயிலே அடுப்பாக நின்று ஈரத்தை ஆவியாக்குகிறது. பம்பு அவ்வாவியை வெளியே தள்ளுகிறது. அழுத்தத்தை ஒரு மில்லிமீட்டருக்கும் கீழே இறக்கினாலே இது முழுமையாகும். ஐந்து நிமிடம் பம்பை ஓட்டி முள் இறங்கியதும் நிறுத்தினால் காற்று போயிருக்கும், ஈரம் போயிராது. இவர் ஒரு மணி நேரம் ஓட்டினார். பின் வால்வுகளை மூடிப் பம்பை நிறுத்தி, அரை மணி நேரம் முள்ளையே பார்த்திருந்தோம். முள் ஏறிக்கொண்டே போனால் கசிவு. சற்று ஏறி நின்றுவிட்டால் இன்னும் ஈரம் உண்டு. அசையவில்லை.

அதன்பின் வாயு உருளையைத் தராசில் வைத்து, எடையைக் குறித்து, என்ஜின் நின்ற நிலையிலேயே உயர் அழுத்தப் பக்கம் வழியே திரவமாக விட்டார். உள்ளே வெற்றிடமாதலின் அது தானே பாய்ந்தது. பிறகு அவ்வால்வை இறுக மூடி, பெல்ட்டை மாட்டுமுன் விட்டுப்போன வேலை ஏதுமில்லையா என்று கேட்டேன். காம்ப்ரஸரின் முகப்பைக் கையால் பத்துச் சுற்று சுற்றியதை நான் கவனிக்கவில்லை போலும். உள்ளே தேங்கிய எண்ணெய் முதல் சுற்றிலேயே முட்டாமல் இருப்பதற்காக அது. என்ஜினை இயக்கியபின் எஞ்சிய அளவைத் தாழ் அழுத்தப் பக்கம் வழியாக, உருளையை நிமிர்த்தி வைத்து, ஆவியாக மட்டும் விட்டார். என்ஜின் ஓடுகையில் உயர் அழுத்தப் பக்கத்து வால்வைத் திறந்தால் காரிலுள்ள அழுத்தம் உருளைக்குள் பாயும். சிறு டப்பாவாயின் வெடித்துவிடும். தராசு 430 கிராம் குறைந்ததும் மூடினார்.

வாயு வாங்கும் இடத்திலும் விழிப்பு வேண்டும். ஆர்-134ஏ என்று சீட்டு ஒட்டிய போலி டப்பாக்கள் உலகெங்கும் சந்தையில் வந்திருக்கின்றன. சிலவற்றில் தீப்பற்றும் வாயுக்கள் இருக்கும்; சிலவற்றில் மெதைல் குளோரைடு கலந்திருக்கும். பின்னது அலுமினியத்தோடு சேர்ந்து, காற்றுப் பட்டதும் தானே பற்றிக்கொள்ளும் பொருளை உண்டாக்குகிறது. 2011இல் கப்பல்களில் செல்லும் குளிர்பெட்டிகள் சில இவ்வாறு வெடித்து, பழுது பார்த்த தொழிலாளர்கள் மாண்டனர். விலை மிகக் குறைந்திருப்பதே சந்தேகத்திற்குப் போதுமான காரணம்.

கண்டென்சருக்கு முன்னால் பார்வையைச் செலுத்தும்படியும் மெக்கானிக் மகனுக்குச் சொன்னார். தொழிற்பேட்டைச் சாலையின் லாரித் தூசியும், அறுவடை நாளில் சாலையில் உலர்த்தும் நெல்லின் பதரும் கண்டென்சரின் தகடுகளில் போர்வைபோல் படிந்துவிடுகின்றன. அதனால் வெப்பம் வெளியேறாமல் அழுத்தம் ஏறுகிறது. பங்குனியில் முதல் காம்ப்ரஸர் கெட்டதற்கு இதுவே காரணமாயிருக்கக்கூடும் என்பது அவருடைய ஊகம். மாதம் ஒரு முறை மெல்லிய நீர்த்தாரையால் கழுவினால் போதும். பட்டறையின் வேகத் தாரையை நெருக்கிப் பிடித்தால் தகடுகள் மடங்கிவிடும். மார்கழியில் குளிர்சாதனம் தேவையில்லை என்று மாதக்கணக்கில் நிறுத்திவைப்பதும் நல்லதன்று. வாரத்திற்குப் பத்து நிமிடமாவது ஓடினால்தான் எண்ணெய் சுழன்று முத்திரை வளையங்கள் உலராமல் இருக்கும்.

வேலை முடிந்த நண்பகலில் வெளியே 33 பாகை. காரின் நடுத்துவாரத்தில் ஒரு வெப்பமானியைச் செருகிப் பத்து நிமிடம் ஓட்டியபோது அது 9 பாகை காட்டியது. தாழ் பக்கம் 35 பவுண்டு, உயர் பக்கம் 210. இவ்வெண்கள் யாவற்றையும், மீட்ட வாயு 590 கிராம், ஏற்றிய வாயு 430 கிராம், எண்ணெயின் வகையும் அளவும், வாக்யூம் பிடித்த நேரம் ஆகியவற்றையும் பட்டியலில் எழுதித் தரும்படி கேட்டுக்கொண்டேன். முதியவர் சிரித்துக்கொண்டே, இதுவரை எவரும் கேட்டதில்லை என்று சொல்லி எழுதிக் கொடுத்தார். மாசித் திங்களில் மறு சரிபார்ப்புக்குச் சென்றபோது வளையல்கள் மீட்கப்பட்டிருந்தன. சங்கிலி மட்டும் பெட்டகத்தில் இருக்கிறது. அதற்கு இன்னும் நான்கு தவணை உண்டு.